ஐன்ஸ்டைன் உயிரைப் பறித்த பெருந்தமனி வீக்கம்: கண்ணாடித் தாள் சுற்றி ஆறு ஆண்டுகள் நீட்டித்த டாக்டர் - நடந்தது என்ன?

1955 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் நள்ளிரவு தாண்டி 1.15 மணிக்கு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் இறந்துபோனார். அவருக்கு வயது 76. உலகமே அறிந்த விஞ்ஞானி. சார்பியல் தத்துவம், நோபல் பரிசு, கலைந்த வெள்ளை முடி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது.

வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று பலூன் போல வீங்கி, கடைசியில் வெடித்துவிட்டது. அதுதான் காரணம். அந்த வீக்கம் இருப்பது அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். ஒரு முறை ஆபரேஷனும் நடந்தது. பரிசுப் பொருளைச் சுற்றுவோமே, அந்தக் கண்ணாடித் தாளை வைத்து டாக்டர் ஒருவர் அந்தக் குழாயைச் சுற்றினார். இரண்டாவது ஆபரேஷனுக்கு வாய்ப்பு வந்தபோது ஐன்ஸ்டைன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

ஏன் மறுத்தார்? அந்தக் காலத்தில் டாக்டர்கள் கையில் என்ன இருந்தது? இன்று அதே நோய் வந்தால் என்ன நடக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

பெருந்தமனி வீக்கம் என்றால் என்ன?

இதயத்தில் இருந்து கிளம்பும் ரத்தம் முதலில் போவது பெருந்தமனிக்குத்தான். அயோர்ட்டா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். உடம்பிலேயே பெரிய ரத்தக்குழாய். நெஞ்சில் மேலே ஏறி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டியபடி கீழே இறங்கி வயிற்றுக்குள் வருகிறது. தொப்புள் மட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கால்களுக்கும் போகிறது.

வயிற்றுப் பகுதியில் இந்தக் குழாயின் விட்டம் சராசரியாக 2 சென்டிமீட்டர். வயதாக ஆக, சிலருக்குக் குழாயின் சுவர் பலம் இழந்து தளர்ந்துபோகும். உள்ளே ரத்த அழுத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் மெல்ல மெல்ல வெளியே புடைக்கும். விட்டம் 3 சென்டிமீட்டரைத் தொட்டால் அதை அனியூரிசம் என்கிறார்கள். தமிழில் பெருந்தமனி வீக்கம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலூனை ஊதும்போது பார்த்திருப்போம், பெரிதாக ஆக ஆக ரப்பர் மெலிந்துகொண்டே போகும். ரத்தக்குழாயிலும் அப்படித்தான். விட்டம் கூடக் கூட சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடுகிறது. அதனால் பெரிய வீக்கம் இன்னும் வேகமாகப் பெரிதாகும், வெடிக்கும் வாய்ப்பும் அதிகமாகும். வெடித்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே இறந்துவிடுபவர்கள் ஏராளம்.

இவ்வளவு ஆபத்தான நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் அதிகம்.

புகழ் ஏறிய காலத்தில் தளர்ந்த உடம்பு

ஐன்ஸ்டைன் 1879 மார்ச் 14 அன்று ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தார். சுவிட்சர்லாந்தில் படித்து, பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்த வேலையில் இருந்தபடியே 1905-ல் அடுத்தடுத்து வெளியிட்ட கட்டுரைகள் இயற்பியலையே புரட்டிப் போட்டன. 1915-ல் பொதுச் சார்பியல் கோட்பாட்டை முடித்தார். 1919-ல் சூரிய கிரகணத்தின்போது எடுத்த அளவுகள் அவர் சொன்னதை உறுதி செய்தன. ஒரே இரவில் உலகப் புகழ் வந்தது.

இந்தச் சாதனைகளுக்கு நடுவே உடம்பு பலமுறை அவரைப் படுக்க வைத்தது. 1917-ல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த பெர்லினில் கடும் வயிற்று நோயில் விழுந்தார். கல்லீரல் தொல்லை, வயிற்றுப் புண், மஞ்சள் காமாலை என ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. இரண்டே மாதத்தில் எடை சுமார் 25 கிலோ குறைந்துபோனது. அப்போது கவனித்துக்கொண்ட உறவுக்காரப் பெண் எல்சாவைத்தான் 1919-ல் திருமணம் செய்துகொண்டார்.

1928-ல் சுவிட்சர்லாந்தில் திடீரென மயங்கி விழுந்தார். இதயம் பெரிதாகியிருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். பல மாதம் படுக்கை, உப்பில்லாச் சாப்பாடு. படுக்கையில் இருந்தபடி வேலை செய்ய உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. அப்படி வந்து சேர்ந்தவர்தான் ஹெலன் டூகாஸ். கடைசி வரைக்கும் அவருடைய செயலாளராக அந்த வீட்டிலேயே இருந்தார்.

இன்னொரு விஷயம், பைப். ஐன்ஸ்டைனின் பல புகைப்படங்களில் வாயில் பைப் இருக்கும். டாக்டர்கள் புகையிலையை நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு அதை விட மனசு வரவில்லை. வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று புகைப்பழக்கம் என்பது இன்று உறுதியாகத் தெரியும். அவர் வாழ்ந்த காலத்தில் இந்தத் தொடர்பு யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

நாடு இழந்த இரண்டு பேர்

1932 டிசம்பரில் ஐன்ஸ்டைன் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். திரும்பி வருவதாகத்தான் திட்டம். அடுத்த மாதமே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரான ஐன்ஸ்டைன் அதற்குப் பிறகு ஜெர்மன் மண்ணை மிதிக்கவே இல்லை. 1933 அக்டோபரில் பிரின்ஸ்டன் வந்து, அங்குள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1936-ல் எல்சா இறந்துவிட்டார். மெர்சர் தெருவில் 112-ஆம் எண் வீட்டில் செயலாளர் டூகாஸ், எல்சாவின் மகள் மார்கோட், தங்கை மாயா ஆகியோருடன் வாழ்ந்தார்.

அதே 1933-ல் பெர்லினில் இருந்து இன்னொரு யூதரும் வெளியேறினார். பெயர் ருடால்ஃப் நிசன். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக் காயம் பட்டவர். புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் சாவர்புரூக்கிடம் பயிற்சி பெற்றவர். 1931-ல் ஒரு சிறுமியின் ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக அகற்றி, அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்து மருத்துவ உலகத்தை வியக்க வைத்தவர்.

நிசன் முதலில் போனது துருக்கிக்கு. அப்போது துருக்கி அரசு தன் பல்கலைக்கழகங்களைப் புதுப்பிக்க, ஜெர்மனியில் வேலை பறிபோன பேராசிரியர்களை எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஐன்ஸ்டைனும் யூத மருத்துவர்கள், பேராசிரியர்கள் 40 பேருக்கு இடம் கேட்டு துருக்கி அரசுக்குக் கடிதம் எழுதினார். நிசன் இஸ்தான்புல்லில் பணியாற்றிவிட்டு 1939-ல் அமெரிக்கா வந்தார். உலகம் அறிந்த சர்ஜனாக இருந்தும் அங்கே மறுபடி தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பிறகு நியூயார்க்கில் புரூக்ளின் யூத மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் துறையை நடத்தினார்.

ஒரே நாட்டால் விரட்டப்பட்ட இந்த இரண்டு பேரும் 1948-ல் ஓர் ஆபரேஷன் தியேட்டரில் சந்திக்க வேண்டிய நிலை வந்தது.

1948: அடிக்கடி வந்த வயிற்று வலி

ஐன்ஸ்டைனுக்கு மேல் வயிற்றில் அவ்வப்போது வலி வரும். சில மாதங்களுக்கு ஒரு முறை வந்து இரண்டு மூன்று நாள் நீடிக்கும். கூடவே வாந்தி. பழைய வயிற்று நோய்க்காரர் என்பதால் இது புண்ணா, பித்தப்பைக் கல்லா என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

நிசன் அவரைப் பரிசோதித்தார். வயிற்றின் நடுவில் கையை வைத்து அழுத்தியபோது, இதயத் துடிப்போடு சேர்ந்து துடிக்கும் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சாதாரணக் கட்டி துடிக்காது. துடிக்கிறது என்றால் உள்ளே ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம்.

இன்றைக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தால் பத்து நிமிடத்தில் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எடுத்து, எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லிவிடுவார்கள். 1948-ல் அந்த வசதி கிடையாது. கிளாஸ்கோவைச் சேர்ந்த டாக்டர் இயான் டொனால்டு குழு, வயிற்றுக்குள் இருப்பதை ஒலி அலையால் பார்க்கலாம் என்று காட்டும் கட்டுரையை வெளியிட்டதே 1958-ல்தான். சி.டி. ஸ்கேன் வந்தது 1970-களில். ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை லிஸ்பனில் 1929-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் முதுகு வழியாக நேரடியாகப் பெருந்தமனியில் ஊசி குத்த வேண்டும். வீங்கிய குழாயில் அதைச் செய்வதே ஆபத்து.

கடைசியில், உள்ளே என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வயிற்றைத் திறந்து பார்ப்பது. 1948 டிசம்பரில் அதைத்தான் செய்தார் நிசன்.

வயிற்றைத் திறந்தபோது தெரிந்தது என்ன?

பித்தப்பையில் கல் இல்லை. பெருந்தமனியில் கிரேப்ஃப்ரூட் பழ அளவுக்கு, அதாவது பெரிய சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வீக்கம் இருந்தது. நல்லவேளையாக வெடிக்கவில்லை, கசியவும் இல்லை.

அப்போது ஒரு சர்ஜன் என்னென்ன செய்திருக்க முடியும்?

முதல் வழி, குழாயை மேலே கட்டிவிடுவது. 1817-லேயே லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் இதை முயன்றார், நோயாளி பிழைக்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து 1923-ல் அமெரிக்காவில் ருடால்ஃப் மேட்டஸ் இதில் வெற்றி பெற்றார். ஆனால் கால்களுக்கு ரத்தம் போகாமல் அழுகிப்போகும் அபாயம் பெரிது.

இரண்டாவது வழி, வீக்கத்துக்குள் மெல்லிய கம்பியைச் சுருள் சுருளாக நுழைப்பது. கம்பியைச் சுற்றி ரத்தம் உறைந்து வீக்கம் அடைபடும் என்று எதிர்பார்த்தார்கள். நடைமுறையில் நம்பிக்கை தரும் பலன் இல்லை.

மூன்றாவது வழி, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாயை வைத்துத் தைப்பது. கேட்கும்போது சரியான தீர்வு இதுதான் என்று தோன்றும். ஆனால் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அதுவரை உலகில் யாரும் அதை வெற்றிகரமாகச் செய்ததில்லை.

மிச்சம் இருந்தது நான்காவது வழி. அதுதான் செல்லோஃபேன்.

கண்ணாடித் தாள் எப்படி மருந்தானது?

செல்லோஃபேன் என்பது மரக்கூழில் இருந்து செய்யும், கண்ணாடி மாதிரி தெரியும் மெல்லிய தாள். உடம்புக்கு இது அந்நியப் பொருள். உள்ளே வைத்தால் சுற்றியுள்ள திசு எரிச்சல் அடையும். காயம் ஆறிய இடத்தில் தழும்பு கெட்டியாகிறது இல்லையா, அதேபோல அந்த இடத்தில் நார் போன்ற கெட்டித் திசு வளரும். மெலிந்துபோன ரத்தக்குழாயைச் சுற்றி இப்படி ஒரு கெட்டி உறை வளர்ந்தால், வீக்கம் மேலும் பெரிதாகாமல் தடுக்கலாம் என்பதுதான் யோசனை.

1930-களின் கடைசியில் இருந்து விலங்குகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர்களிடம் பலன் தந்ததாக ஆரம்பத்திலேயே வந்த அறிக்கைகளில் ஒன்று 1943-ல் வெளியானது. எழுதியவர்கள் இரண்டு பேர். பஹ்ரைனில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவமனையின் டாக்டர் பால் ஹாரிசன், அவருடன் வேலை பார்த்த இளம் டாக்டர் ஜேக்கப் சாண்டி. தோள்பட்டைக்குக் கீழே ஓடும் தமனியில் இருந்த வீக்கத்தை அவர்கள் செல்லோஃபேன் சுற்றிக் குணப்படுத்தியிருந்தார்கள்.

அந்த ஜேக்கப் சாண்டி கேரளாவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு கனடாவில் மூளை அறுவை சிகிச்சை பயின்று, 1949-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியவரும் இவரேதான்.

நிசன் இந்த முறையைத்தான் தேர்ந்தெடுத்தார். மஞ்சள் நிறச் செல்லோஃபேனை வீக்கத்தின் முன்பக்கத்தில் வைத்து மூடி, வயிற்றைத் தைத்தார். 69 வயது நோயாளி தேறிவந்தார். 1949 ஜனவரி மத்தியில் வீடு திரும்பினார்.

இது நோயைக் குணமாக்காது என்பது நிசனுக்குத் தெரியும். வெடிப்பதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிடைத்த ஆறு ஆண்டுகளில் என்ன செய்தார்?

ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வீக்கம் மறுபடி வளர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஐன்ஸ்டைனுக்கும் தெரியும். எந்த நாளும் கடைசி நாளாக இருக்கலாம் என்ற நிலையில்தான் அந்த வீடு இயங்கியது. 1950 மார்ச்சில் உயில் எழுதிக் கையெழுத்திட்டார்.

அதற்காக அவர் ஒதுங்கி உட்காரவில்லை. ஈர்ப்பு விசையையும் மின்காந்த விசையையும் ஒரே கோட்பாட்டில் இணைக்கும் முயற்சியைத் தினமும் தொடர்ந்தார். அதில் வெற்றி கிடைக்கவில்லை என்றாலும் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை.

1952 நவம்பரில் இஸ்ரேலின் முதல் அதிபர் வைஸ்மன் இறந்தபோது, அந்தப் பதவியை ஐன்ஸ்டைனுக்குத் தர அந்த நாட்டு அரசு முன்வந்தது. தனக்கு அதற்கான அனுபவமும் இயல்பும் இல்லை என்று மரியாதையோடு மறுத்துவிட்டார். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த 1953-ல், விசாரணைக் குழு முன் சாட்சி சொல்ல மறுங்கள் என்று ஓர் ஆசிரியருக்கு அவர் எழுதிய கடிதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு அணுவிஞ்ஞானி ஓப்பன்ஹைமர் மீது விசாரணை வந்தபோது வெளிப்படையாக ஆதரவு தந்தார்.

கடைசியாக ஒன்று. 1955 ஏப்ரல் 11 அன்று, தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தயாரித்த அறிக்கையில் கையெழுத்திட்டார். ஹைட்ரஜன் குண்டு மனித இனத்தையே அழித்துவிடும், போரைக் கைவிடுங்கள் என்று உலக நாடுகளை எச்சரித்த அறிக்கை அது. 1939-ல் அணுகுண்டு ஆய்வைத் தொடங்கும்படி ரூஸ்வெல்ட்டுக்குப் போன கடிதத்திலும் இதே ஐன்ஸ்டைன்தான் கையெழுத்திட்டிருந்தார். அவர் இறந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் லண்டனில் வெளியான இந்த அறிக்கையில் இருந்துதான் அணு ஆயுதங்களுக்கு எதிரான விஞ்ஞானிகளின் பக்வாஷ் இயக்கம் பிறந்தது.

1948 டிசம்பரில் அந்தக் குழாய் வெடித்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

அதற்குள் மருத்துவம் எங்கே போயிருந்தது?

ஐன்ஸ்டைன் வீடு திரும்பி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. 1951 மார்ச் 29 அன்று பாரிஸில் சார்ல் துபோஸ்ட் என்ற சர்ஜன், வீங்கிய வயிற்றுப் பெருந்தமனியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவரின் உடலில் இருந்து எடுத்துப் பாதுகாத்த தமனியை அந்த இடத்தில் தைத்தார். நோயாளி பிழைத்தார். அதுவரை நடக்காது என்று நினைத்த காரியம் நடந்துவிட்டது.

ஆனால் இறந்தவர்களின் தமனி தேவைக்கு ஏற்பக் கிடைக்காது, நாளாக நாளாகக் கெட்டும்போகும். 1952-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்தர் வூரிஸ் குழு, பாராசூட் துணி வகையைச் சேர்ந்த செயற்கை இழைத் துணியைக் குழாய் போலத் தைத்து நாய்களுக்கு வைத்துப் பார்த்தது. அது வேலை செய்தது. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியை வாங்கிவந்து மனைவியின் தையல் மிஷினிலேயே குழாயாகத் தைத்தார். சட்டைத் துணிக்கு உறவான இந்தப் பொருள்தான் இன்று வரைக்கும் செயற்கைத் தமனிகளில் பயன்படுகிறது.

அதாவது 1955 வாக்கில், ஐன்ஸ்டைனின் நோய்க்கு உண்மையான ஆபரேஷன் வந்துவிட்டது. ஆனால் அது புத்தம்புதுசு. வெடிக்காத வீக்கத்துக்கே பெரிய ஆபத்தான சிகிச்சை. வெடித்த பிறகு ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தது உலகில் மிகச் சிலரைத்தான்.

1955 ஏப்ரல்: அந்தக் கடைசி ஐந்து நாட்கள்

ஏப்ரல் 13, புதன்கிழமை. இஸ்ரேல் சுதந்திர தினத்துக்காக ஒலிபரப்ப வேண்டிய உரையைத் தயார் செய்துகொண்டிருந்தார் ஐன்ஸ்டைன். அன்று பிற்பகலில் கடும் வலி வந்து வீட்டிலேயே சரிந்தார். வீக்கம் கசியத் தொடங்கியிருந்தது.

டாக்டர்கள் கூடினார்கள். நியூயார்க்கில் இருந்து ஃபிராங்க் க்ளென் என்ற தேர்ந்த சர்ஜனும் வந்தார். ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்பது அவருடைய யோசனை. ஐன்ஸ்டைன் ஒப்புக்கொள்ளவில்லை. செயற்கையாக ஆயுளை நீட்டிப்பதில் தனக்கு விருப்பமில்லை, தன் பங்கைச் செய்துவிட்டேன், போகும் நேரம் வந்துவிட்டது என்பதே அவர் நிலைப்பாடு.

வீட்டிலேயே இருந்துவிட நினைத்தார். தன்னைக் கவனிக்கும் சுமை டூகாஸுக்குத் தாங்காது என்றானபோதுதான் ஏப்ரல் 15 அன்று பிரின்ஸ்டன் மருத்துவமனைக்குப் போகச் சம்மதித்தார். உடல்நலம் குன்றி மார்கோட்டும் அப்போது அதே மருத்துவமனையில்தான் இருந்தார். மகன் ஹன்ஸ் ஆல்பர்ட் கலிபோர்னியாவில் இருந்து பறந்துவந்தார்.

ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் தெம்பாக இருந்தார். மூக்குக் கண்ணாடி, பேப்பர், பேனா, முடிக்காத உரை, கணக்குத் தாள்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். படுக்கையிலேயே வேலை செய்தார். அன்று நள்ளிரவு தாண்டி வீக்கம் முழுவதுமாக வெடித்தது. கடைசி நேரத்தில் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த நர்ஸுக்கு ஜெர்மன் தெரியாது.

மறுத்தது சரியா?

இந்தக் கேள்வி டாக்டர்கள் மத்தியில் இன்றும் வருவதுண்டு. 76 வயது, ஏற்கெனவே ஒரு முறை திறந்த வயிறு, செல்லோஃபேனால் இறுகிப்போன திசு, கசிந்துகொண்டிருக்கும் குழாய், மூன்று நான்கு வயதே ஆன ஆபரேஷன் முறை. பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவாகவே இருந்திருக்கும். இன்னொரு பக்கம், கசிவு தொடங்கி நான்கு நாளுக்கு மேல் அவர் தாக்குப்பிடித்திருக்கிறார். ஒரு வாய்ப்பு எடுத்துப் பார்த்திருக்கலாம் என்று வாதிடவும் இடம் இருக்கிறது.

இதில் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். அவருக்கு எல்லா விவரமும் தெரியும். முதல் ஆபரேஷனை ஏற்றவரும் அவர்தான், இரண்டாவதை மறுத்தவரும் அவர்தான். டாக்டர்களும் குடும்பமும் அந்த முடிவை மீறவில்லை.

இறந்த பிறகு அவர் விருப்பம் அப்படி மதிக்கப்படவில்லை. அன்று காலை உடற்கூறு பரிசோதனை செய்த டாக்டர் தாமஸ் ஹார்வி, குடும்பத்தின் முன் அனுமதி இல்லாமலே மூளையைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டார். மற்ற உடல் அன்றே தகனம் செய்யப்பட்டு, சாம்பல் யாருக்கும் தெரியாத இடத்தில் தூவப்பட்டது. அந்த மூளையைப் பற்றி வந்த கட்டுரைகளும் புத்தகங்களும் ஏராளம். அவர் உயிரைப் பறித்த பெருந்தமனி பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் மருத்துவ இதழ்களோடு நின்றுவிட்டது.

அங்கே ஒரு பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. வயிற்றுப் பெருந்தமனி வெடித்து, அது பித்தப்பை வலி மாதிரியே ஏமாற்றுவதை ஐன்ஸ்டைன் அறிகுறி என்று சொல்கிறார்கள்.

இன்று இருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஒன்பது ஆண்டு கழித்து, 1964 டிசம்பரில் இங்கிலாந்தின் முன்னாள் மன்னர் எட்டாம் எட்வர்டுக்கு இதே நோய் வந்தது. ஹூஸ்டன் போனார். டிபேக்கி வீக்கத்தை வெட்டி எடுத்துச் செயற்கைக் குழாய் வைத்தார். நலமாகத் திரும்பிய எட்வர்டு 1972 வரை வாழ்ந்தார்.

1990-ல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி அடுத்த கட்டத்துக்குப் போனார். வயிற்றைத் திறக்கவே இல்லை. தொடைப்பகுதித் தமனி வழியாக, மடக்கிய ஸ்டென்ட் பொருத்திய துணிக்குழாயை உள்ளே அனுப்பி, வீக்கம் இருக்கும் இடத்தில் விரித்தார். ரத்தம் அந்தப் புதுக் குழாய் வழியாக ஓட, வீங்கிய சுவர் மீது அழுத்தம் குறைந்தது. இன்று வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இந்த முறைதான். சில நாளில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஓரங்களில் கசிவு வருகிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லா வீக்கத்துக்கும் உடனே ஆபரேஷன் தேவையா? இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், 5.5 சென்டிமீட்டருக்குக் குறைவான வீக்கத்துக்கு முன்கூட்டியே ஆபரேஷன் செய்வதால் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது. அதுவரை குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். பெண்களுக்குக் கொஞ்சம் சிறிய அளவிலேயே வெடிக்கும் அபாயம் இருப்பதால் டாக்டர்கள் முன்னதாகவே யோசிப்பார்கள்.

முக்கியமான ஆய்வு 2002-ல் பிரிட்டனில் வெளியானது. 65 முதல் 74 வயது வரையுள்ள சுமார் 67,800 ஆண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரை மட்டும் வயிற்று ஸ்கேனுக்கு அழைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் வரும் மரணம் 42 சதவீதம் குறைந்திருந்தது. அதன் அடிப்படையில் இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அரசே ஸ்கேனுக்கு அழைக்கிறது. அமெரிக்காவில், 65 முதல் 75 வயது வரை உள்ள, எப்போதாவது புகைபிடித்த பழக்கம் இருந்த ஆண்களுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கப் பரிந்துரைக்கிறார்கள்.

ஐன்ஸ்டைனின் விவரத்தை இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். ஆண், வயது 69, பல ஆண்டு பைப் பழக்கம். அப்படியே பொருந்துகிறது. அவர் வயிற்றைத் திறந்து கண்டுபிடித்ததை இன்று கத்தியே இல்லாமல் கண்டுபிடித்திருப்பார்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

65 வயதைத் தாண்டிய ஆண்கள், புகைபிடிப்பவர்கள், முன்பு புகைபிடித்து விட்டவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள். அப்பா, அண்ணன், தம்பி என்று ரத்த உறவில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இவர்கள் டாக்டரிடம் இதைக் குறிப்பிட்டு, வயிற்று அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது. வலியில்லாத பரிசோதனை, ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது.

சிறிய வீக்கம் இருப்பதாகத் தெரிந்தால் பயந்துபோக வேண்டியதில்லை. புகையை நிறுத்துவது, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, சொன்ன தேதியில் மறு ஸ்கேன் எடுப்பது, இந்த மூன்றும் முக்கியம்.

வயதானவர்களுக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ இடுப்பிலோ தாங்க முடியாத வலி வந்து, மயக்கமும் வியர்வையும் சேர்ந்தால், அதை வாயுத் தொல்லை என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, அவசர அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே பெருந்தமனி வீக்கம் இருப்பது தெரிந்தால், அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப்போய் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.